ஆறு இலக்கம்

ஜனவரி 9

அன்புத் தம்பிக்கு,

நான் சௌக்கியம். உன் இருமல் நின்றதா, விடுதியில் வெந்நீர் தருகிறார்களா, எழுது.

போன இரண்டு ஞாயிற்றுக்கிழமையும் உன் போனை எடுக்க முடியவில்லை. ஒரு தடவை குளித்துக்கொண்டிருந்தேன். இன்னொரு தடவை துணி காயப்போட மாடிக்குப் போயிருந்தேன். அந்தப் பத்து நிமிடப் பேச்சுக்காக நீ வரிசையில் நின்று கால் கடுக்க வேண்டாம். கடிதமே எழுது. உன் கையெழுத்து கோழி கிளறிய மாதிரி இருந்தாலும் எனக்குப் படிக்க வரும்.

ஒரு காரியம் ஆக வேண்டும். எங்கள் லிஃப்ட் ரிப்பேர் ஆபீஸின் போன் நம்பர், நாங்கள் பார்த்துக்கொள்கிற நூற்று நாற்பது லிஃப்டுக்குள்ளும் சிவப்பு ஸ்டிக்கராக ஒட்டியிருக்கிறது. லிஃப்ட் நின்றுவிட்டால் உள்ளே இருப்பவர் கூப்பிடுவார். நான் எடுத்து, எந்தக் கட்டிடம், எந்த மாடி என்று கேட்டு மெக்கானிக்கை அனுப்புவேன். பன்னிரண்டு வருடமாக இதுதான் என் வேலை. இப்போது எல்லாரும் மெசேஜ் அனுப்பத்தான் விரும்புகிறார்கள். லேண்ட்லைனுக்கு அனுப்பினால் அது எங்கே போய் விழுகிறதோ தெரியவில்லை. நீ மொபைல் கடையில் இருந்தபோது ஒரு டாக்ஸி ஆபீஸின் லேண்ட்லைன் நம்பரை வெளிக் கம்பெனி ஆப் ஒன்றில் இணைத்துக் கொடுத்தாயே, அதே மாதிரி இதற்கும் செய்ய வேண்டும். ஒவ்வொரு படியாக எழுதி அனுப்பு. முதலாளி சம்மதித்துவிட்டார். தனக்குத் தலைவலி வராமல் இருந்தால் போதும் என்றார். அவருக்கு எல்லாமே தலைவலிதான், நாங்கள் உட்பட.

அவசரம் ஒன்றுமில்லை. ஆனாலும் சீக்கிரம் எழுது.

உன் அக்கா

*

ஜனவரி 21

அன்புள்ள அக்கா,

இருமல் நின்றுவிட்டது. வெந்நீர் வரவில்லை. இரண்டுக்கும் சம்பந்தமில்லை.

நாள் முழுக்க நின்றுகொண்டு போனுக்குத் திரை ஒட்டுகிறேன். ஒரு ஷிஃப்டில் ஆயிரத்து நானூறு போன் என் கை வழியாகப் போகிறது. என் சொந்தப் போன் ஃபாக்டரி வாசல் கேட்டுக்குப் பக்கத்தில் இரும்புப் பெட்டியில் பூட்டிக் கிடக்கிறது. கம்பெனி ரகசியம் வெளியே போய்விடுமாம். இங்கே இருக்கிற ஒரே ரகசியம் நாங்கள் எத்தனை மணி நேரம் நிற்கிறோம் என்பதுதான். வார்டன் மேசையில் இருக்கிற பொதுப் போன்தான் எங்களுக்கு உலகம், அதுவும் ஞாயிற்றுக்கிழமை, ஆளுக்குப் பத்து நிமிடம்.

நீ கேட்டது சுலபம். எங்கள் கடையில் பயன்படுத்திய ஆப்பின் பெயரைத் தனித் தாளில் எழுதியிருக்கிறேன். கம்ப்யூட்டரில் அதன் பக்கத்தைத் திறந்து கம்பெனி பெயரையும் நம்பரையும் பதிவு செய். இந்த நம்பர் உங்களுடையதுதானா என்று அது சோதிக்கும். மொபைலாக இருந்தால் மெசேஜில் கோட் வரும். உங்களுடையது லேண்ட்லைன் என்பதால் ஒரு மெஷின் ஆபீஸ் போனுக்குக் கூப்பிடும். பெண் குரல். ஆறு இலக்கத்தை இரண்டு தடவை சொல்லும். ஒரு நிமிடத்துக்குள் அதைக் கம்ப்யூட்டரில் அடித்துவிட்டால் முடிந்தது. கூப்பிடுகிறவர்கள் வழக்கம்போலக் கூப்பிடலாம், மணி அடிக்கும். மெசேஜ் கூடுதலாகக் கம்ப்யூட்டரில் வந்து நிற்கும்.

போனில் கேட்டு எழுதுவதுதானே, உனக்குத் தூக்கத்தில்கூட வரும்.

போன ஞாயிறும் எடுக்கவில்லை. எத்தனை தடவைதான் குளிப்பாய்?

தம்பி

*

பிப்ரவரி 6

அன்புத் தம்பிக்கு,

உடம்பு நன்றாக இருக்கிறது என்று நம்புகிறேன். எனக்கும் குறையில்லை.

நீ எழுதியபடியே செய்தேன். கடைசிப் படியில் நிற்கிறது. அந்த மெஷின் சரியில்லை. அந்தப் பெண் வேகமாகப் பேசுகிறாள், லைனில் வேறு இரைச்சல். மூன்று தடவை தப்பாக அடித்தால் மறுநாள்வரை பூட்டிக்கொள்கிறது. மெக்கானிக்குகள் வெளியே போயிருக்கும் மதிய நேரமாகப் பார்த்து நான்கு நாள் முயன்றேன். பன்னிரண்டு தடவை கூப்பிட்டாள், பன்னிரண்டு தடவையும் தோற்றேன். குரல் இல்லாமல் வேறு வழி இருக்கிறதா? கண்ணால் பார்க்கிற மாதிரி ஏதாவது?

மற்றபடி எல்லாம் பழைய கதைதான். நெட்டையை உனக்குத் தெரியும், லிஃப்ட் கதவில் குனிந்து நுழைவாரே, அந்த மெக்கானிக். அவரை முதலாளி ஊர்க்கோடிக் கட்டிடங்களுக்கு மாற்றிவிட்டார். இரண்டு பஸ் மாறிப் போக வேண்டும். காரணம் பெரிதாக ஒன்றுமில்லை.

பதிலைத் தாமதிக்காதே.

உன் அக்கா

*

பிப்ரவரி 19

அன்புள்ள அக்கா,

வேறு வழி இருக்கிறது. கம்பெனி பெயரில் வந்த டெலிபோன் பில்லையும், முதலாளி கையெழுத்துப் போட்ட கடிதத்தையும் அனுப்பினால் ஆப்காரர்களே பார்த்துச் சேர்த்துவிடுவார்கள். ஆனால் முதலாளி கேட்பார்: போனை எடுத்து ஆறு நம்பரைக் கேட்டுச் சொல்வதற்கு எதற்குக் கடிதம் என்று. அவருக்கு நீ என்ன பதில் சொல்வாய்?

அதே கேள்வியை நானும் கேட்கிறேன். போன ஞாயிறு நீ எடுத்தாய். எனக்கு எவ்வளவு சந்தோஷம் தெரியுமா. பின்னால் நின்றவன் தோளில் இடித்தும் நகராமல் பேசினேன். மெஷினில் விரல் நசுங்கிடுச்சு அக்கா, நகம் போயிடுச்சு என்றேன். "ரொம்ப நல்லதுப்பா, அப்படியே இரு" என்றாய். விளையாடுகிறாய் என்று நினைத்து, ஆஸ்பத்திரிக்குக்கூட விடவில்லை, துணியைச் சுற்றி மறுபடி லைனில் நிறுத்திவிட்டார்கள் என்றேன். "சரிப்பா, நேரத்துக்குச் சாப்பிடு" என்று வைத்துவிட்டாய்.

லைனில் இரைச்சல் இல்லை. நான் உன்னைத் தெளிவாகக் கேட்டேன்.

அக்கா, உனக்குக் காது கேட்கவில்லையா?

தம்பி

*

மார்ச் 20

அக்கா,

ஒரு மாதம் ஆகிவிட்டது, உன்னிடமிருந்து வரியில்லை. தபால் அறைக்குத் தினமும் போகிறேன். அங்கே இருப்பவர் என் முகத்தைப் பார்த்ததுமே தலையை ஆட்டிவிடுகிறார்.

நான் முரட்டுத்தனமாகக் கேட்டிருந்தால் மன்னித்துக்கொள். எனக்குச் சுற்றி வளைத்துக் கேட்க வராது. இடது கைச் சுண்டுவிரல்தான், ஆறிவிட்டது. நகம் வளர்கிறது, கோணலாக.

நீ எப்படி இருக்கிறாய் என்று மட்டும் எழுது. வேறு எதுவும் எழுத வேண்டாம்.

தம்பி

*

ஏப்ரல் 2

அன்புத் தம்பிக்கு,

உன் விரலுக்கு நான் ரொம்ப நல்லது என்று சொன்னதை நினைத்து ஒரு மாதம் சாப்பாடு இறங்கவில்லை. அதனால்தான் எழுதவில்லை.

கேட்கவில்லை. வலது காது போய் இரண்டு வருடம் ஆகிறது. இடதும் போய்க்கொண்டிருக்கிறது. யாருக்கும் தெரியாமல் டாக்டரிடம் போனேன். காதுக் கருவி வைத்தால் எதிரில் உட்கார்ந்து பேசுவது ஓரளவு புரியும், போன் புரியாது என்றார். சோதனைக்கு ஒன்றை மாட்டியும் விட்டார். போனை வைத்துக் கேட்டேன். தகரத்தில் மணல் கொட்டுகிற மாதிரி இருந்தது. அந்த மணலுக்குள் யாரோ ஒரு மனுஷர் இருக்கிறார் என்று மட்டும் தெரிகிறது.

இத்தனை நாள் எப்படிச் சமாளித்தாய் என்று கேட்பாய். வாட்ச்மேன்கள் கூப்பிட்டால் திரையில் வரும் நம்பரை வைத்தே எந்தக் கட்டிடம் என்று சொல்லிவிடுவேன். எல்லா நம்பரும் மனப்பாடம். மெக்கானிக்குகள் பேசும்போது வாயைப் பார்ப்பேன். உள்ளே மாட்டிக்கொண்டவர் தன் சொந்த மொபைலிலிருந்து கூப்பிட்டால்தான் எனக்கு வழியில்லை.

நவம்பரில் அப்படி ஒரு பெண் கூப்பிட்டாள். கைக்குழந்தையோடு உள்ளே இருந்திருக்கிறாள். அது எனக்கு அப்போது தெரியாது. எந்தக் கட்டிடம் என்று மூன்று தடவை திருப்பிக் கேட்டேன். நான்காவது தடவை கேட்க வெட்கமாக இருந்தது. பாதி கேட்டது, மீதியை நானே போட்டுக்கொண்டேன். நெட்டையை வேறு கட்டிடத்துக்கு அனுப்பிவிட்டேன். அந்தப் பெண் எழுபது நிமிடம் உள்ளே இருந்தாள். வெளியே வந்தபோது குழந்தைக்கு அழக்கூடத் தெம்பில்லையாம். உயிருக்கு ஒன்றும் ஆகவில்லை.

முதலாளி விசாரித்தார். நான் சரியாகத்தான் சொன்னேன், அவர்தான் தப்பாகப் போய்விட்டார் என்று நான் சொல்லவில்லை. ஆனால் முதலாளி அப்படி எடுத்துக்கொண்டார், நான் வாயைத் திறக்கவில்லை. நெட்டை ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசவில்லை. பன்னிரண்டு வருடத்தில் அக்கா தப்பாகச் சொன்னதே இல்லை, தன் காதில்தான் ஏதோ தப்பாக விழுந்திருக்கும் என்று நினைத்திருக்கிறார். அவரைத்தான் ஊர்க்கோடிக்கு மாற்றினார்கள்.

சொன்னால் என் வேலை போகும். போன் எடுப்பவளுக்குக் காது கேட்காது என்றால் யார் வைத்துக்கொள்வார்கள்? அதனால்தான் மெசேஜ். எழுத்தில் வந்தால் நான் தப்பே செய்ய மாட்டேன், தம்பி. ஆனால் அதற்கும் முதலில் ஒரு குரலைக் கேட்கச் சொல்கிறார்களே.

விரலை ஈரமாக வைக்காதே.

உன் அக்கா

*

ஏப்ரல் 14

என் அக்காவுக்கு,

உன் கடிதத்தை நான்கு தடவை படித்தேன். பிறகு லைனுக்குப் போய் ஆயிரத்து நானூறு போனுக்கும் திரை ஒட்டினேன். ஒவ்வொன்றையும் தூக்கித் தரையில் அடிக்க வேண்டும் போல இருந்தது.

நூற்று நாற்பது லிஃப்டுக்கு ஒரே ஒரு காது. அந்தக் காதுக்குப் பக்கத்து அறையில் நாள் முழுக்க மோட்டார் ஓட்டிச் சோதனை. நடுவில் ஒரு பலகைத் தடுப்பு. நான் வந்தபோது பார்த்திருக்கிறேன். மெக்கானிக்குகளுக்குக் காதில் வைக்க அடைப்பான் தந்திருக்கிறார்கள். உனக்கு எப்படித் தருவார்கள், நீ போன் எடுக்க வேண்டுமே. உன் காதை அவர்கள் ஆபீஸ்தான் தின்றது. இப்போது காது இல்லை என்று உன்னை அனுப்பவும் அவர்களுக்குத்தான் உரிமை. இதற்கு நீ வெட்கப்படுகிறாய்.

ஆனால் உன்மேலும் எனக்குக் கோபம் இருக்கிறது. மறைக்க மாட்டேன். என் விரல் நசுங்கியபோது சூப்பர்வைசர் என் பக்கத்தில் நின்றவன்மேல் பழியைப் போட்டார். அவனும் வாயைத் திறக்கவில்லை. அவன் முகத்தை நான் தினமும் பார்க்கிறேன். நெட்டையின் முகத்தை நீ எப்படிப் பார்க்கிறாய்?

இன்னொன்று. லிஃப்டில் மாட்டியவர்கள் எல்லாரும் டைப் செய்வார்கள் என்று நம்பிவிடாதே. கை நடுங்கும், சிலருக்கு எழுதவே தெரியாது. மெசேஜும் வேண்டும், மணியை எடுக்க ஒரு ஆளும் வேண்டும். இரண்டையும் ஒருத்தி தலையில் கட்டியதுதான் முதல் தப்பு.

அந்த ஆறு இலக்கத்தைக் கேட்க ஒரு காது வேண்டும். அதை நீ யாரிடமாவது இரவல் கேட்டுத்தான் ஆக வேண்டும். நான் பக்கத்தில் இருந்தால் என்னுடையதைத் தந்திருப்பேன்.

தம்பி

*

மே 3

அன்புத் தம்பிக்கு,

நான் நலம். காதுக் கருவி வாங்கிவிட்டேன். கொசு ஒன்று நிரந்தரமாகக் குடியேறியது போல இருக்கிறது.

நெட்டையிடம் சொல்லிவிட்டேன். சம்பளக் கையெழுத்துப் போட ஆபீஸுக்கு வந்தபோது உட்கார வைத்து எல்லாவற்றையும் சொன்னேன். எதிரில் உட்கார்ந்திருந்ததால் அவர் பேசியது ஒவ்வொன்றும் புரிந்தது. புரியாமல் இருந்திருக்கலாம்.

"எழுபது நிமிஷம் அக்கா. கதவைத் திறந்ததும் அந்தம்மா என்னைத்தான் பார்த்தாங்க. திட்டக்கூட இல்ல. என் காதுலதான் கோளாறுன்னு நான் போய் டாக்டரைப் பார்த்துட்டு வந்தேன், தெரியுமா?"

எழுந்து போய்விட்டார். மூன்றாம் நாள் மதியம் இரண்டு பஸ் மாறி வந்து நின்றார். கம்ப்யூட்டரைத் திறங்க என்றார்.

லிஃப்ட் குழிக்குள் மோட்டார் சத்தத்தில் பேச்சு கேட்காது என்பதால் மெக்கானிக்குகள் கையாலேயே பேசிக்கொள்வார்கள். விரலை நீட்டினால் மாடி எண், விரல்களை முட்டியாக மடக்கினால் நிறுத்து. பன்னிரண்டு வருடமாகப் பார்த்துப் பார்த்து எனக்கும் அது பழக்கம். ரிசீவரைத் தோளில் இடுக்கிக்கொண்டு அவர் விரலைக் காட்ட, நான் அடித்தேன். நான்கு. ஏழு, அதற்கு இரண்டு கையும் வேண்டியிருந்தது. மூன்றாவதற்கு முட்டியை மூடினார். நான் சட்டென்று கையை எடுத்துவிட்டேன். அவர் முட்டியை ஆட்டுகிறார், நான் நிறுத்திவிட்டேன் நிறுத்திவிட்டேன் என்று தலையாட்டுகிறேன். ஒரு நிமிடம் போய்விட்டது. பூஜ்யத்துக்கு வேறு எதைக் காட்டுவது என்று அவருக்கும் தோன்றவில்லை, அது பூஜ்யமாக இருக்கும் என்று எனக்கும் தோன்றவில்லை. இரண்டு பேரும் சிரித்துவிட்டோம். அவர் சிரிப்பார் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

இரண்டாம் தடவை பூஜ்யம் வரவில்லை. ஆறும் சரியாக விழுந்தது. திரையில் பச்சையாக ஒரு வரி: உங்கள் எண் இணைக்கப்பட்டது.

சோதித்துப் பார்க்க அவர் மொபைலிலிருந்து ஒரு மெசேஜ் அனுப்பினார். கம்ப்யூட்டரில் வந்தது. படித்துப் பார்த்தேன்.

"இது உள்ள மாட்டுறவங்களுக்காக செஞ்சேன். எனக்காக நீங்க செய்ய வேண்டியது ஒண்ணு பாக்கி இருக்கு."

எதிரில்தான் நின்றார். வாயால் சொல்லாமல் எழுதி அனுப்பினார். முதலாளியிடம் இன்னும் சொல்லவில்லை.

உன் அக்கா

*

மே 15

அன்புள்ள அக்கா,

பூஜ்யத்துக்கு முட்டி. விடுதியில் எல்லாரிடமும் சொன்னேன். நான் அங்கே இருந்திருந்தாலும் அதையேதான் காட்டியிருப்பேன்.

முதலாளியிடம் சொல் என்று நான் எழுத மாட்டேன். வேலை போனால் வாடகை கொடுக்கப்போவது நீ, பேனா பிடிக்கிறவன் நான். நீ சொன்னாலும் சொல்லாவிட்டாலும் எனக்கு அக்காதான். நெட்டைக்கு நீ யார் என்பது உன் கையில் இருக்கிறது.

வேலை போய்விட்டால் இங்கே வந்துவிடு என்று சொல்லவும் வழியில்லை, ஒரு அறையில் பன்னிரண்டு ஆண்கள். நான் வந்துவிடுகிறேன். லிஃப்ட் இல்லாத கட்டிடமாகப் பார்த்து ஒரு அறை எடுப்போம்.

தம்பி

*

ஜூன் 11

அன்புத் தம்பிக்கு,

உன் அக்கா நன்றாக இருக்கிறேன், இதை ஒப்புக்கு எழுதவில்லை.

மே கடைசியில் முதலாளியிடம் சொன்னேன். நெட்டையையும் அறையில் நிற்கச் சொன்னேன். நவம்பரில் கட்டிடத்தைத் தப்பாகச் சொன்னது நான், எனக்குக் காது கேட்காது, இரண்டையும் இத்தனை நாள் மறைத்தேன் என்று மூன்றையும் சொன்னேன். முதலாளி நெட்டையை மறுநாளே பழைய கட்டிடங்களுக்கு மாற்றினார். வருத்தம் என்று ஒரு வார்த்தை அவரிடம் சொல்லவில்லை. என்னைப் பார்த்து, போன் எடுக்கப் புதிதாக ஒரு பெண் வருவாள், நீங்கள் அடுத்த மாதக் கடைசிவரை அந்த மெசேஜைப் பார்த்துக்கொள்ளுங்கள், அதற்குப் பிறகு வேண்டியதில்லை என்றார். இப்போது நூற்று நாற்பது லிஃப்டுக்கு இரண்டு பேர் தேவைப்படுகிறார்கள் என்பது அவருக்கும் தெரிந்துவிட்டது. பன்னிரண்டு வருடம் தெரியவில்லை.

நேற்று அந்தப் பெண் சாப்பிடப் போயிருந்தாள். போனில் விளக்கு மினுக்கியது. எடுத்து, மெசேஜ் அனுப்புங்க, உடனே பார்க்கிறேன் என்று மட்டும் சொல்லி வைத்தேன். அரை நிமிடத்தில் வந்தது. ஒரு ஆபீஸ் கட்டிடத்தில் தரை துடைக்கிற பெண், வாளியோடு உள்ளே நிற்கிறாள். கட்டிடத்தின் பெயர், நாலுக்கும் அஞ்சுக்கும் நடுவில், விளக்கு இல்லை. எல்லாம் எழுத்தில் இருந்தது. அப்படியே நெட்டைக்கு அனுப்பினேன். ஆள் கிளம்பிவிட்டார் என்று அவளுக்கு எழுதினேன்.

"கூப்பிட்டுப் பேசுங்க. யாராவது குரல் கேட்டா தைரியமா இருக்கும்" என்று வந்தது.

தம்பி, லைன் சரியில்லை என்று எழுதப் போனேன். இரண்டு வருடமாக அதுதானே என் கைக்கு வருகிறது. அதை அழித்துவிட்டு எழுதினேன்: "எனக்குக் காது கேட்காதும்மா. ஆனா கதவு திறக்கிற வரைக்கும் இங்கேயே இருக்கேன். நீ எழுது."

எழுதினாள். வாளித் தண்ணீர் காலில் சிந்திவிட்டது, சூப்பர்வைசர் தேடினால் சம்பளத்தைப் பிடிப்பார், வீட்டுச் சாவி தன்னிடம்தான் இருக்கிறது, பிள்ளைகள் வாசலில் நிற்பார்கள். ஒவ்வொன்றுக்கும் பதில் எழுதினேன். பதினாறாவது நிமிடம் நெட்டையிடமிருந்து வந்தது: "ஆள் வெளியே. வாளியும்."

அந்த ஆப்பில் யார் என்ன எழுதினாலும் முதலாளியின் கம்ப்யூட்டரிலும் தெரியும். சாயந்திரம் வந்து என் எதிரில் உட்கார்ந்தார்.

"கம்பெனி நம்பர்ல இதெல்லாம் எழுதலாமாம்மா? அந்த வரியை அழிச்சிடுங்க."

"முடியாது முதலாளி. அது போய்ச் சேர்ந்துடுச்சு."

நான் திமிராகச் சொல்லவில்லை. போன மெசேஜை அந்த ஆப்பில் நிஜமாகவே அழிக்க முடியாது. அவர் திரையை மேலிருந்து கீழே மறுபடி படித்தார். கட்டிடத்தின் பெயர் ஒன்று, மாடி ஒன்று, பதினாறு நிமிடம். எழுபது அவருக்கும் நினைவுக்கு வந்திருக்கும். கதவுவரை போய்த் திரும்பி, வாயை நன்றாகத் திறந்து, எனக்குத் தெரியும்படி சொன்னார்: "மாசக் கடைசின்னு சொன்னேன்ல, அதை விட்டுடுங்க."

விட்டுவிட்டேன். என் நாற்காலியின் ஒரு கால் எப்போதிருந்தோ ஆடுகிறது. அட்டையை மடித்துக் கொடுத்து ஓட்டிக்கொண்டிருந்தேன். இன்று காலை நெட்டையைக் கூப்பிட்டு ஸ்குரூ போட்டு முடுக்கச் சொன்னேன்.

கோணல் நகத்தைக் கடிக்காதே. அடுத்த கடிதத்தில், உன் பக்கத்தில் நின்று பழி சுமந்தவனைப் பற்றி எழுது.

உன் அக்கா